சமநிலை மிதிவண்டி

சமநிலை மிதிவண்டி என்பது மிதிகட்டையும் சங்கிலியும் இல்லாத, சிறுவர்க்கான இருசக்கர வண்டி ஆகும். குழந்தை இருக்கையில் அமர்ந்து, கால்களால் தரையை உந்தி இதனைச் செலுத்தும். 1817இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டிய மரவண்டியும் இவ்வாறே இயங்கியது.

மிதிவண்டி ஓட்டுவதில் கடினமானது மிதித்தல் அன்று, விழாதிருத்தலே. வண்டி சாயும் பக்கமே முன்சக்கரத்தைத் திருப்பினால் அது நிமிரும். பக்கச் சக்கரங்கள் பொருத்திய வண்டி சாய்வதில்லை ஆதலால், அதில் இப்பழக்கம் வருவதில்லை. அவற்றைக் கழற்றும் நாளில் குழந்தை முதலிலிருந்து கற்க நேரிடுகிறது.

இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியுமாறு இருக்கையைத் தாழ்த்த வேண்டும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் பிரேக் இல்லாமையால் சரிவான பாதைகள் ஆபத்தானவை. தலைக்கவசம் தேவை.

சிறிய மிதிவண்டியின் மிதிகட்டைகளைக் கழற்றியும் இதனைப் பெறலாம். இடப்பக்க மிதிகட்டையின் மரை எதிர்த்திசையில் அமைந்தது. வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும்.