மண்ணுக்குள்ள 'பீப்' சத்தம்: பழங்காசு தேடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்குங்க

யூடியூபில் அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நுனியில் வட்டத் தட்டு உள்ள நீளமான கருவியை வயல்மேல் வீசிக்கொண்டே நடப்பார். 'பீப்' என்று சத்தம் வரும். சின்ன மண்வெட்டியால் நாலு கொத்து. கையில் ரோமானியக் காசு! அந்த வயல் பெரும்பாலும் இங்கிலாந்தில் இருக்கும். ஆனால் கருவி நம் ஊர் ஆன்லைன் கடைகளிலேயே கிடைக்கிறது. "நம்ம ஊர் மண்ணுல இல்லாத பழங்காசா? நாமும் தேடிப் பார்ப்போமே" என்று தோன்றுவது இயல்புதான். வாங்குற பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க.

முதலில் கருவி. மெட்டல் டிடெக்டரின் தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அது மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் உண்டாகி, பதிலுக்கு ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். அதை இன்னொரு சுருள் பிடித்துச் சத்தமாக்குகிறது. அவ்வளவுதான் விஷயம். காசு அளவுள்ள பொருள் என்றால் சாதாரணக் கருவிக்கு ஒரு அடி ஆழம்கூட எட்டாது. சோடா மூடி, துருப்பிடித்த ஆணி, பாக்குப் பொட்டலத்தின் அலுமினியத் தாள் எல்லாவற்றுக்கும் அது கத்தும். மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் துண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சத்தம் தருவதும் உண்டு. இரும்புச்சத்து நிறைந்த செம்மண்ணில் இன்னும் குழம்பும்.

தமிழ்நாட்டில் பழங்காசுக்குக் குறைவில்லை என்பது உண்மைதான். மழை பெய்த மறுநாள் வரப்போரம் பச்சை படிந்த செப்புக்காசு பல்லிளிப்பதைக் கிராமத்தில் பலர் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த மனிதன், பக்கத்தில் நாகரி எழுத்தில் பெயர் இருந்தால், அது ராஜராஜன் பெயர் பொறித்த சோழர் காசாக இருக்கலாம். நாயக்கர் காலச் சின்னக் காசுகளும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகளும் அதே மாதிரி கிடைப்பவைதான்.

சரி, எடுத்தா என்ன தப்பு?

ஒரு காசின் மதிப்பு அதன் உலோகத்தில் மட்டும் இல்லை. எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதி வரலாறு இருக்கிறது. 2021-ல் கீழடி அகழாய்வில் ஒரு வெள்ளி முத்திரைக் காசு கிடைத்தது. அது எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற பதிவு இருப்பதால்தான் அந்தக் கால வணிகத்துக்குச் சான்றாகப் பேசுகிறது. அதே காசை யாரோ ஒருவர் தோண்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருந்தால், அது வெறும் வெள்ளித்துண்டு.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898-ல் கிடைத்த புதையலை நினைச்சுப் பாருங்க. 501 ரோமானியத் தங்கக் காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய கோடு இருந்தது. ஒரு காசில் கோடு இருந்தால் ஏதோ கீறல் என்று விட்டிருப்பார்கள். மொத்தமாகப் பார்த்ததால்தான் அது வேண்டுமென்றே செய்த வேலை என்று தெரிந்தது. ஆளுக்கு நாலாகப் பிரித்து உருக்கியிருந்தால் அந்தக் கதையும் சேர்ந்து உருகியிருக்கும்.

பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். தொல்லியல் துறையே உரிமம் வாங்கித்தான் அகழாய்வு செய்கிறது. ஆற்றுப் புறம்போக்கு, ஏரி, கோயில் நிலம் இவையும் நம் இஷ்டத்துக்குத் தோண்டும் இடங்கள் இல்லை. அடுத்தவர் பட்டா நிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீடியோவில் பார்த்த இங்கிலாந்திலும் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையல் என்று தெரிந்தால் 14 நாளுக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். வீடியோவில் அதைக் காட்ட மாட்டாங்க, அவ்வளவுதான்.

கையில கிடைச்சா என்ன பண்ணணும்?

கருவியே இல்லாமலும் கிடைக்கலாம். கிணறு வெட்டும்போது, வானம் தோண்டும்போது, பழைய வீட்டை இடிக்கும்போது. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணிலோ, மண்ணோடு சேர்ந்த கட்டடத்திலோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் அந்தச் சட்டப்படி புதையல். எனவே தாத்தா வீட்டுச் சுவருக்குள் இருந்த கலயமும் இதில் அடங்கும். அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்தே ரூபாய்தான். 1878-ல் அது பெரிய தொகை. இன்றைக்கு ஒரு செப்புக்காசே அதைத் தாண்டிவிடும்.

கடிதத்தில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். என்ன பொருள், எத்தனை, தோராய மதிப்பு, எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது. இவ்வளவு போதும். இங்கேதான் உங்க ஸ்மார்ட்போன் உதவும். பொருளை அசைப்பதற்கு முன்பே, லொகேஷனை ஆன் செய்து நாலு பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ தீப்பெட்டியோ வைத்தால் அளவு புரியும். நிலத்தின் புல எண் தெரியாவிட்டால் பட்டாவில் பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தை ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், அல்லது ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் சொல்லிவிடுவது நல்லது. வாய் வார்த்தையோடு மட்டும் நிறுத்திக்காதீங்க. பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவேன் என்று ஆட்சியரிடம் பிணை கொடுக்க வேண்டும். ரசீது உங்களிடம் இருக்கட்டும்.

"கொடுத்தா எல்லாம் போச்சு" என்ற பயம்தான் பலரை மறைக்க வைக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்களுக்கு நாலு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுத்து விசாரிப்பார். உரிமையாளர் இல்லாதது என்று முடிவானால், நிலத்துக்காரரோடு வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. நிலத்துக்காரர் என்று யாரும் உரிமை கோராவிட்டால் முழுவதும் கண்டெடுத்தவருக்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். தங்கத்துக்கு இது நல்ல தொகை. ஈயக் காசுக்கு, உண்மையைச் சொன்னால், டீக்காசுகூடத் தேறாது. சட்டம் பழசு, கணக்கும் பழசு.

மறைத்தால் நிலைமை வேறு. பங்கு முழுவதும் அரசுக்குப் போகும். குற்றம் நிரூபணமானால் ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். உடந்தையாக இருந்த நிலத்துக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் தோண்டும்போது ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள், மொத்தம் 1.716 கிலோ, கிடைத்தன. எண்ணி, எடை போட்டு, அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அத்தனை தங்கத்துக்கே அந்த வழி நடந்திருக்கிறது. உங்க நாலு காசுக்கு நடக்காதா?

இன்னொரு விஷயம். புளி, எலுமிச்சை, சாம்பல் போட்டுத் தேய்க்காதீங்க! பித்தளைக் குடத்துக்கு அது சரி. பழங்காசில் எழுத்தும் உருவமும் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. பச்சைப் படிவோடு அவையும் கழன்று போகும். மண் ஒட்டியிருந்தால் ஒட்டியபடியே காகிதத்தில் மடித்து வையுங்கள்.

நூறு ஆண்டு தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள். சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்குக் கூரியரில் அனுப்புவதும் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தனுப்புவதும் சட்டவிரோத ஏற்றுமதி.

"பழைய 5 ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவது வேறு கதை. தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணயத்துக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்திருக்கிறது. பணம் கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கு.