உங்களுக்குத் தெரியுமா? அரசு மருத்துவர்கள், அரசின் கைதிகள்!

2009-இல் இலங்கையின் வன்னிப் பகுதியில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த இறுதிப் போரில் குண்டடிபட்ட மக்களைக் காத்த தமிழ் மருத்துவர்களைக் கைது செய்தது, அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துவந்த அதே இலங்கை அரசுதான்!

• வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா முதலியோர் அரசு ஊழியர்கள். ஆனால் பணிபுரிந்தது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில்.

• புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று மருத்துவமனை இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஷெல்லும் பின்தொடர்ந்தது. மயக்க மருந்து இல்லாமலே கை கால்களை அகற்ற வேண்டியிருந்த கொடுமையும் நடந்தது.

• "மருந்து அனுப்புங்கள்" என்று மார்ச்சில் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒழுங்கு நடவடிக்கை எடுப்போம் என்ற மிரட்டலே பதிலாக வந்தது.

• காவலில் இருந்தபடியே ஜூலை 8 அன்று கொழும்பில் செய்தியாளர்கள் முன் ஐந்து மருத்துவர்கள் நிறுத்தப்பட்டனர். புலிகளின் நெருக்கடியால் சாவுக் கணக்கை மிகைப்படுத்தியதாகவும், இறந்தவர்கள் 750 பேருக்கு மேல் இல்லை என்றும் கூறினர். அடுத்த மாதமே ஜாமீன்! செய்தியாளர்களிடம் பேசியது வற்புறுத்தலால் என்று வரதராஜா பின்னாளில் வெளிப்படுத்தினார்.

• ஆனால் இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு.