'பிராவோ'வா, 'பாப்பா'வா? ஓர் எழுத்துக்காகக் காத்திருக்கும் வானொலிப் போட்டி

ஒக்ரோபர் மாதத்தின் கடைசி வார இறுதி. சனிக்கிழமை அதிகாலை ஐந்தரை மணி. உடப்புக் கரையில் கரைவலை இழுப்பவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். நான் ஓலைக் கொட்டில் ஒன்றுக்குள், நண்பர் ஒருவரின் சிற்றலை வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்தேன். கொட்டிலுக்கு வெளியே மூங்கிலில் கட்டிய கம்பி ஒன்று கடலைப் பார்த்தபடி நின்றது. சரியாக ஐந்தரைக்கு அந்தப் பெட்டி சந்தை போல இரையத் தொடங்கியது.

உலக அமெச்சூர் வானொலிக்காரர்களின் பெரிய போட்டிகளுள் ஒன்றான 'சீ கியூ வேர்ள்ட் வைட்' அப்போதுதான் தொடங்கியிருந்தது. சர்வதேச நேரம் நள்ளிரவு 12 மணி என்றால் இலங்கையில் அதிகாலை 5.30. அதிலிருந்து 48 மணித்தியாலம், இயன்றளவு அதிக நாடுகளின் நிலையங்களுடன் கதைக்க வேண்டும். குரல் போட்டி ஒக்ரோபரிலும், மோர்ஸ் ஒலிக்குறிப் போட்டி நவம்பரிலும் நடக்கும்.

எங்கள் தலைமுறைக்கு இந்தச் சத்தம் வேறு நினைவுகளைத் தருவது. வோக்கியில் 'ஓவர்' என்ற சொல் கேட்டால் இன்றைக்கும் உடம்பு ஒருமுறை விறைக்கும். பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். வானொலி எங்களுக்கு விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. இதை ஏன் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்ற கேள்வியோடுதான் நானும் அந்தக் கொட்டிலுக்குள் போனேன்.

அழைப்புக்குறி என்றால் என்ன?

அமெச்சூர் வானொலி என்பது வருமானத்துக்காக அல்லாமல் ஆர்வத்துக்காக நடத்தப்படும் தனிநபர் வானொலி நிலையம். இலங்கையில் இதற்குப் பரீட்சையில் சித்தியடைந்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். அனுமதி கிடைத்தால் ஓர் அழைப்புக்குறி தருவார்கள். உலகில் அந்தக் குறி ஒருவருக்கு மட்டுமே உரியது.

குறியின் முன்பகுதி நாட்டைச் சொல்லும். 4எஸ்7 என்று கேட்டால் இலங்கை. வீயூ என்று தொடங்கினால் இந்தியா. பின்பகுதி ஆளைச் சொல்லும். காற்றில் முகம் தெரியாது, முகவரி தெரியாது. அந்த ஐந்தாறு எழுத்தும் இலக்கமும்தான் அந்த மனிதர்.

போட்டியில் இருவர் பரிமாறுவது மிகக் கொஞ்சம். அழைப்புக்குறி, '59' என்ற ஒலித்தரம், பிறகு வலய இலக்கம். இலங்கையும் இந்தியாவும் 22ஆம் வலயம். 59 என்றால் 'தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது' என்று பொருள். போட்டியில் எல்லோரும் எல்லோருக்கும் 59 தான் சொல்வார்கள். அது வெறும் சம்பிரதாயம். வலய இலக்கத்தையும் நாட்டை வைத்துப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். உண்மையில் காது கொடுத்துப் பிடிக்க வேண்டியது அழைப்புக்குறி ஒன்றைத்தான்.

அங்கேதான் தமிழருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தும் பதினாறாவது எழுத்தும் எங்கள் எழுத்தில் ஒரே 'பீ' தான். இரைச்சலுக்குள் ஆங்கிலேயருக்கே அந்த இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால்தான் எழுத்துக்குப் பதிலாகச் சொல் சொல்வது வழக்கமானது. இரண்டாவது எழுத்துக்குப் 'பிராவோ', பதினாறாவதுக்குப் 'பாப்பா'. இன்று உலகெங்கும் வழங்கும் இந்தச் சொல் வரிசை 1956இல் சர்வதேச விமானப் போக்குவரத்துக்காக இறுதி செய்யப்பட்டது.

தவறாகக் கேட்டால் தண்டனை

போட்டி முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் பதிவேட்டை அனுப்ப வேண்டும். கணினி இரு தரப்புப் பதிவேடுகளையும் ஒப்பிடும். பிராவோ என்றவரை நான் பாப்பா என்று எழுதியிருந்தால் அந்தத் தொடர்பு எனக்கு இல்லை. அதற்கு மேலாகத் தண்டப் புள்ளியும் கழியும். வேகமாக நூறு பேரைத் தவறாக எழுதுவதைவிட, நிதானமாக எண்பது பேரைச் சரியாக எழுதியவரே மேல் என்பதுதான் கணக்கு.

இன்னொரு விதி என்னைக் கவர்ந்தது. வழக்கமாகப் போட்டிக்கு வருபவர்களின் அழைப்புக்குறிப் பட்டியல்கள் கணினியில் இருக்கின்றன. பாதி கேட்டாலே மீதியைக் கணினி ஊகித்துக் காட்டும். ஆனால் எழுத வேண்டியது காதில் கேட்டதைத்தான். போட்டி முடிந்த பிறகு பட்டியலைப் பார்த்தோ, ஒலிப்பதிவைக் கேட்டோ, ஆளிடம் விசாரித்தோ குறிகளைத் திருத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் அந்த நேரத்திலேயே திரும்பக் கேட்க வேண்டும்.

கரைவலைக்கு உள்ள ஒழுங்கு

ஒரு நிலையத்தை நூறு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது நடத்தை விதிகள் முக்கியமாகின்றன. அவை கரைவலை இழுப்பவர்களுக்கு விளங்கும். அம்பாப் பாட்டில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். ஆளுக்கொரு பாட்டு என்றால் வலை வந்து சேராது.

முதலில் கேள், பிறகு கூப்பிடு. ஓர் அலைவரிசையில் அழைக்கத் தொடங்கும் முன் அங்கே யாரும் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். கூப்பிடும்போது முழு அழைப்புக்குறியை ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எதிர்நிலையம் "கடைசி எழுத்து பிராவோ உள்ளவர்" என்று கேட்டால், பிராவோ இல்லாதவர்கள் வாய் திறக்கக் கூடாது. உங்கள் குறியைப் பிழையாகத் திருப்பிச் சொன்னால், புள்ளி கிடைத்துவிட்டது என்று நழுவாமல் திருத்த வேண்டும். கூட்டம் சேர்ந்திருக்கும் நிலையம் தன் குறியை அடிக்கடி சொல்ல வேண்டும். யாரென்று தெரியாமல் மற்றவர்கள் காத்திருப்பது மரியாதை அல்ல. ஆபத்தில் உள்ள ஒருவரின் குரல் கேட்டால் போட்டியை நிறுத்திவிட்டு அவருக்கு வழிவிட வேண்டும்.

ஏன் இந்தக் கரை?

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கடலோரத்தில் நிறுத்திய கம்பியிலிருந்து புறப்படும் அலை, தரைக்குள் அதிகம் இழக்காமல் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகப் போகும். தாழ்வாகப் போகும் அலைதான் தூர தேசத்தை எட்டும். உப்பளங்களும் களப்பும் கடலும் சூழ்ந்த புத்தளக் கரை இதற்குத் தோதான இடம். புத்தளத்திலிருந்து 882 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பாகும் மத்திய அலை நிலையத்தைத் தமிழ்நாட்டுக் கரையில் பலர் கேட்டிருக்கிறார்கள். சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில் அமெரிக்கக் குரல் வானொலியின் அஞ்சல் நிலையம் இருந்தது. நிலத்துக்காகவும் கடற்றொழிலுக்காகவும் ஊர்மக்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். அது 2016இல் மூடப்பட்டது. 2020இல் அந்தக் கட்டடம் கொரோனா சிகிச்சை நிலையமாக மாறியது.

விளையாட்டு, விளையாட்டல்லாமல் போன நாள்

2004 டிசம்பரில் இந்தியாவின் பாரதி பிரசாத் தலைமையிலான குழு ஒன்று அந்தமானின் போர்ட் பிளேயரில் வீயூ4ஆர்பிஐ என்ற அழைப்புக்குறியுடன் ஒலித்துக்கொண்டிருந்தது. நீண்ட காலமாக அமெச்சூர் வானொலி ஒலிக்காத இடம் என்பதால் உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் அந்தத் தொடர்புக்காக முண்டியடித்தார்கள். 26ஆம் திகதி காலை நிலம் அதிர்ந்தது, கடல் வந்தது. தொலைபேசிகள் செத்துப்போயின. அந்தக் குழு பொழுதுபோக்கை அத்தோடு நிறுத்தியது. அதே பெட்டியில், அதே கம்பியில், உயிரோடு இருப்பவர்களின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பத் தொடங்கியது. இலங்கையிலும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலைத் தொடர்பு ஏற்படுத்தினார்கள்.

இரைச்சலுக்குள் ஒரு பெயரைப் பிழையில்லாமல் பிடிக்கும் பழக்கம் அன்று திடீரென்று வந்ததல்ல. வருடாவருடம் போட்டிகளில் பழகியது. கடலுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். படகு இலக்கத்தின் கடைசியில் சீ.எச்.டபிள்யூ என்றால் சிலாபம், பீ.ரீ.எம் என்றால் புத்தளம். ஆபத்து நேரத்தில் வானொலியில் ஓர் இலக்கம் மாறினால், கரையில் வேறொரு வீட்டில் ஒப்பாரி கேட்கும்.

எங்கள் வீட்டுப் 'பா'

என் சித்தப்பாவின் பெயர் 'பா' என்று தொடங்கும். 2009இல் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவர். சித்தி முறைப்பாடு கொடுத்த இடமொன்றில் அவர் பெயரைப் பிராவோ எழுத்தில் தொடங்கினார்கள். இன்னோரிடத்தில் பாப்பா எழுத்தில். அவரிடம் யாரும் திரும்பக் கேட்கவில்லை. வருடங்கள் கழித்து ஓர் அலுவலகத்தில், "இவர்கள் இரண்டு பேரா, ஒருவரா?" என்று கேட்டார்கள். இரண்டும் ஒருவரே என்று சித்தி சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தார். இதை வாசிக்கும் பல வீடுகளில் இப்படி ஒரு கடதாசி இருக்கும்.

கொட்டிலில் நண்பர் ஒரு ஜப்பானியரிடம் நான்கு முறை "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்டார். ஒரு புள்ளிக் கணக்குக்காக, முகம் தெரியாத இருவர் ஓர் எழுத்துச் சரியாகும்வரை பொறுமையாக இருந்தார்கள். எனக்குச் சித்தியின் நினைவு வந்தது.

வானொலி அனுமதிப்பத்திரம் எல்லோருக்கும் தேவைப்படாது. அந்தப் பழக்கம் தேவைப்படும். எந்த அலுவலகத்திலும் பெயர் கொடுக்கும்போது அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிழை என்றால் கையொப்பமிடும் முன் திருத்தச் சொல்லுங்கள். நான் இப்போது தொலைபேசியில் சித்தப்பாவின் பெயரைச் சொல்லும்போது, "பிராவோ" என்றுதான் தொடங்குகிறேன்.