கண்ணை விற்றுச் சித்திரமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "ஐயா, பையனுக்குக் கண்ணுல மணல் கொட்டின மாதிரி இருக்காம், தொறக்கவே முடியல" என்று தாயார் அழுதார். மாலையில் வாசலில் புது வெல்டிங் மெஷினைச் சோதித்துப் பார்த்திருக்கிறான். கண்ணுக்கு வெயில் கண்ணாடிதான்! நல்லவேளை, இரண்டு நாளில் குணமாயிற்று.

வெல்டிங் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். வலி உடனே வராது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வரும்.

நம் ஜொகூர் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பாசிர் கூடாங்கிலும் சிங்கப்பூரிலும் வெல்டிங் வேலை செய்கிறார்கள். ஸ்டிக், மிக், டிக் என மூன்றும் செய்யும் மெஷினைச் சிலர் சொந்தமாகவே வாங்குகிறார்கள். ஆனால் டிக் வேலைக்கு வேண்டிய துணைச் சாமான்கள் பல மெஷின்களோடு வருவதில்லை. அந்தத் தம்பி குணமானதும் என்ன வாங்கலாம் என்று கேட்டு வந்தான். செம்பனை ஆலை பிட்டரையும் கலந்துகொண்டு நான் சொன்னது இது:

1. முகமூடி. முதல் காசு இதற்கே. தானே இருளும் கண்ணாடி என்றால், டிக் வேலையின் குறைந்த கரண்டிலும் இருளக்கூடியதா என்று கேளுங்கள். 50 முதல் 150 ஆம்பியருக்கு 12ஆம் எண் இருள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

2. கையுறை, சட்டை. டிக் வேலைக்கு மெல்லிய ஆட்டுத்தோல் கையுறை. முழுக்கைப் பருத்திச் சட்டை. நைலான், பாலியெஸ்டர் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

3. டார்ச். மெஷினின் சாக்கெட்டுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மெஷினுக்குள் கேஸ் வால்வு இல்லையென்றால், கைப்பிடியிலேயே வால்வு உள்ள டார்ச் வேண்டும். டார்ச்சை மைனஸ் முனையில் மாட்டவும். டிசி மட்டும் தரும் மெஷினில் இரும்பும் ஸ்டெயின்லெஸ்ஸும் ஒட்டலாம். அலுமினியத்துக்கு ஏசி வேண்டும்.

4. டங்ஸ்டன் கம்பி. சிவப்பு முனைக் கம்பியில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. கூர் தீட்டும்போது பறக்கும் தூசியைச் சுவாசிப்பதுதான் ஆபத்து. லாந்தனம் கலந்த பொன்னிற அல்லது நீல முனைக் கம்பி வாங்குங்கள். அது கதிரியக்கம் இல்லாதது, வேலையும் நன்றாகச் செய்யும்.

5. கேஸ். சுத்த ஆர்கன் மட்டுமே. மிக் வேலைக்கான கலப்பு கேஸில் டங்ஸ்டன் எரிந்துபோகும். அளவு காட்டும் ரெகுலேட்டர் வாங்கி, நிமிடத்துக்கு 7 முதல் 10 லிட்டர் வையுங்கள். சிலிண்டரைச் சங்கிலியால் கட்டுங்கள். ஆர்கன் காற்றைவிடக் கனமானது, வாசனையும் கிடையாது. மூடிய தொட்டியிலோ குழியிலோ நிறைந்தால் மூச்சு நின்றுவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017ல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்தது. ஆகவே காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். விசிறியை நேரே வைத்தால் கேஸ் கலையும், பக்கவாட்டில் வையுங்கள். ஸ்டெயின்லெஸ் வேலைக்குப் புகை வடிகட்டும் முகக்கவசமும் அவசியம். பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பை ஒட்டவே ஒட்டாதீர்கள். சில கிளீனர்களில் உள்ள குளோரின் பொருள், வெல்டிங் சூட்டிலும் ஒளியிலும் உயிர்கொல்லி வாயுவாகும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். கண் வலித்தால் தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவது எல்லாம் வேண்டாம். கண்ணைக் கசக்காமல், சுத்தமான ஈரத்துணியை மூடிய கண்மேல் வைத்து கிளினிக்கிற்கு அழைத்து வாருங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டில் விடாதீர்கள். புண் ஆறுவது தடைப்படும்.

சம்பளத்துக்கு வெல்டிங் செய்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்குச் சம்பளத்தில் பணம் பிடிக்கக் கூடாது. வேலையில் காயம்பட்டால் மறைக்காமல் உடனே தெரிவித்து, சொக்சோவுக்கு மனுச் செய்யுங்கள்.

அந்தத் தம்பி இப்போது முகமூடி வாங்கிவிட்டான். டார்ச் வாங்க அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்கிறான். அதுதான் சரியான வரிசை. மெஷின் கெட்டால் வேறு வாங்கலாம். கண் கெட்டால் எந்தக் கடையில் வாங்குவது?