கல்லாவை விட்டு எழ நேரமில்லையா?
வணிகர்களை வாட்டும் நாட்பட்ட மலச்சிக்கல்

சர்க்கரை நோய் இருந்தால் வெளிப்படையாகச் சொல்கிறோம். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுவதையும் மறைப்பதில்லை. ஆனால் "காலையில் சரியாகப் போகவில்லை" என்பதை மட்டும் வீட்டாரிடம்கூடச் சொல்லத் தயங்குகிறோம். பல ஆண்டுகளாக இரவில் ஒரு சூரணம், வாரம் ஒரு பேதி மாத்திரை என்று ஓட்டிக்கொண்டிருக்கும் வணிகர்கள் நம்மிடையே அனேகம். மருத்துவரிடம் போனால், "பரிசோதனையில் ஒன்றும் இல்லை" என்கிறார். பிறகு ஏன் இந்தத் தொல்லை?

எது மலச்சிக்கல்?

தினமும் ஒருமுறை போனால்தான் ஆரோக்கியம் என்று நினைப்பது தவறு. நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்திற்கு மூன்று முறை வரை போவது இயல்பே. வாரத்திற்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது, மலம் கெட்டியாக உருண்டை உருண்டையாக வருவது, அடிக்கடி முக்க வேண்டியிருப்பது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, அடைப்பு இருப்பது போன்ற உணர்வு ஆகியவற்றில் இரண்டாவது இருந்து, அது மாதக்கணக்கில் நீடித்தால் அதுவே நாட்பட்ட மலச்சிக்கல்.

சிலருக்குக் காரணம் எளிதில் பிடிபடும். தைராய்டு சுரப்புக் குறைவு, நீடித்த சர்க்கரை நோய், இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள், கடுமையான வலி மாத்திரைகள் ஆகியவை மலத்தை இறுக்கும். இவை எதுவும் இல்லாமல் வருவதைத்தான் 'செயல்பாட்டுக் கோளாறு' என்கிறார்கள். குடலில் புண்ணோ கட்டியோ இல்லை. அது வேலை செய்யும் விதத்தில்தான் குறை. பெருங்குடல் மெதுவாக நகரலாம். அல்லது மலம் வெளியேறும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசைகள் இறுகிக்கொள்ளலாம். காரணம் தெரியவில்லை என்பதால் வைத்தியம் இல்லை என்று ஆகிவிடாது.

நம் தொழிலும் ஒரு பங்காளி

பெருங்குடலுக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. காலையில் விழித்தெழுந்ததும், பிறகு உணவு வயிற்றில் இறங்கியதும், அது பலமாக அசைந்து மலத்தைக் கீழே தள்ளும். நம் காலைப் பொழுதோ எப்படி இருக்கிறது? ஐந்து மணிக்கு மண்டி. ஆறு மணிக்குக் கடை திறப்பு. ஒரு தேநீரோடு சரி. எட்டு மணிக்கு மேல் வாடிக்கையாளர் கூட்டம். பத்தரை மணிக்குக் கல்லாவிலேயே டிபன் பாக்ஸைத் திறக்கிறோம். அப்போது உந்துதல் வந்தால், "இந்தச் சரக்கை இறக்கிவிட்டுப் போகலாம்" என்று அடக்குகிறோம்.

அடக்கினால் அந்த உணர்வு சிறிது நேரத்தில் மறைந்துவிடும். ஆனால் மலம் உள்ளேயே தங்கும். தங்கும் நேரம் கூடக்கூடப் பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாள் அது கல்லாகிறது. நாள்தோறும் இப்படி அடக்கினால் உந்துதலே மழுங்கிப்போகும். அடக்கக் கூடாத 14 வேகங்களைச் சித்த மருத்துவம் வகுத்துச் சொல்கிறது; மலம் அவற்றில் ஒன்று.

முதல் மருந்து: அரை மணி நேரம்

வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள். வெதுவெதுப்பான நீர் குடித்து, இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ சாப்பிடுங்கள். பிறகு உந்துதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தினமும் அதே நேரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் கழிவறையில் உட்காருங்கள். கைப்பேசி வேண்டாம். முக்கவும் வேண்டாம். மேல்நாட்டு முறைக் கழிவறையாக இருந்தால், காலடியில் ஒரு சிறு முக்காலி போட்டு முழங்கால்களை உயர்த்திக்கொள்வது நல்லது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கடை நேரத்தில் உந்துதல் வந்தால் கல்லாவை மகனிடமோ பணியாளரிடமோ ஒப்படைத்துவிட்டு எழுந்து செல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் வியாபாரம் போய்விடாது.

உணவில் நார்ச்சத்து நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறையக் கூடாது. இதற்கு வேண்டிய சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது: கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கேழ்வரகு, கம்பு, உலர்ந்த திராட்சை. இவற்றோடு கீரையும் கொய்யாவும் சேரட்டும். மைதா பரோட்டாவும், தேநீரோடு பன்னும் குறையட்டும். நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், படிப்படியாகக் கூட்டுங்கள். கல்லாவில் ஒரு தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

நாம் விற்கும் மருந்துகள்

குஜராத்தின் உஞ்சா சந்தையிலிருந்து நாடெங்கும் போகும் இசப்கோல் உமி நல்ல மருந்து. அது நீரை இழுத்து ஊதி, மலத்தை இளக்கும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கலாம். ஆனால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். உலர்ந்த உமியை வாயில் போட்டு விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இது ஆகாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும்போதே இதையும் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

நம் திருநெல்வேலியின் பெயரிலேயே உலகச் சந்தையில் விலைபோகும் நிலவாகை, குடலைத் தூண்டி வெளியேற்றும் வகை. எப்போதாவது எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பேதி மருந்து குடலை முழுவதுமாகக் காலி செய்துவிட்டால், அடுத்த இரண்டு நாள் வெளியேற ஒன்றும் இருக்காது. அதைச் சிக்கல் என்று எண்ணி மறுபடியும் மருந்து எடுக்கிறோம். கைமாற்றை அடைக்கக் கைமாற்று வாங்குவது போன்றதுதான் இது!

இசப்கோலில் தீராவிட்டால், குடலுக்குள் நீரைத் தக்கவைக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் பொடி அல்லது லாக்டுலோஸ் திரவத்தை மருத்துவர் தருவார். மருத்துவர் கண்காணிப்பில் இவற்றை நீண்ட நாள் எடுத்துக்கொள்ளலாம். எதிலும் பலனில்லை, முக்கினால்தான் வருகிறது என்றால் தசைகளின் இயக்கத்தைச் சோதிக்க வேண்டும். தசைகளைத் தளர்த்தும் பயிற்சியே அவர்களுக்குச் சரியான வைத்தியம்.

மூலம் என்று விட்டுவிடாதீர்கள்

மலத்தில் இரத்தம் வந்தால், "மூலம்தான், சூடு" என்று நாமே முடிவுகட்டி மாதக்கணக்கில் காலம் கடத்துகிறோம். பெருங்குடல் புற்றுநோயிலும் இதே இரத்தம்தான் வரும். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த மலச்சிக்கல், குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயுவும் பிரியவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

எழுந்து போகலாம் என்று சொல்லிவிட்டோம். போவதற்கு இடம் வேண்டுமே! பல கடைவீதிகளில் நல்ல கழிப்பறை கிடையாது. பெண் பணியாளர்கள் இதற்குப் பயந்தே நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். கடையில் நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. இருக்கையைப் போலவே கழிப்பறையும் அவசியம். ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் வீதிக்கு ஒரு சுத்தமான கழிப்பறை கேட்டு நகராட்சியிடம் மனுக் கொடுக்கலாம். கிடைக்கும்வரை நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து பொதுவாக ஒன்றைப் பராமரிக்கலாம். அடுத்த கிளைக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள்.