கையெழுத்தை இழந்த முருகன்

திருத்தணி மலையடிவாரத்தில் படக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. வள்ளி தெய்வானையோடு தணிகை முருகன் கண்ணாடிக்குள் பளபளக்கிறார். பெரும்பாலும் கம்ப்யூட்டரில் செய்த முகங்கள். வரைந்தவர் யாரென்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

ஒரு காலத்தில் இந்தப் படம் வீட்டுக்குள் வந்த வழி வேறு. தீபாவளி மலர்! விகடனோ கல்கியோ கலைமகளோ, வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சான சாமி படத்தை வெட்டியெடுத்து ஃபிரேம் போட்டுப் பூஜையறையில் மாட்டிவிடுவார்கள். முருகனுக்கு அது பொருத்தமான நேரமும்கூட. தீபாவளி அமாவாசை கழிந்த மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். மற்ற தலங்களில் அதன் முடிவில் சூரசம்ஹாரம். சினம் தணிந்த மலையான திருத்தணியில் அது கிடையாது, புஷ்பாஞ்சலிதான். வேலெறியும் முருகனை வரைந்துவிடலாம். பூக்குவியலுக்கு நடுவே சாந்தமாக நிற்பவரை வரையத்தான் கை வேண்டும் என்பது என் கட்சி.

அப்படிப்பட்ட கைகள் நம்மிடம் இருந்தன. சில்பி கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்து, சிலையைப் பார்த்துப் பார்த்துக் கோடு இழைத்தவர். தலைதீபாவளி மாப்பிள்ளையின் மிடுக்கையும் மாமனாரின் முழியையும் நாலு கோட்டில் கொண்டுவந்துவிடுவார் கோபுலு. எஸ்.ராஜம் சங்கீத வித்வான், ஓவியரும்கூட. முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை பிறந்தது இதே தணிகையில்தான். இன்று தீட்சிதர் என்றதும் நம் கண்முன் வரும் முகம் ராஜம் வரைந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்?

திண்ணையும் ஊஞ்சலும் உள்ள வீடுகளின் பண்டிகையைத்தானே அந்த மலர்களின் அட்டைகள் காட்டின, ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி தூக்கி வரும் ஜனங்கள் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது, ஓவியர் மணியத்தின் படங்களோடு வாராவாரம் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து பைண்டு செய்தார்கள். கதை பிழைத்தது, அட்டை குப்பைக்குப் போனது. பூஜையறைப் படத்துக்கு நேர்ந்தது இன்னும் மோசம். ஃபிரேமுக்குள் அடங்குவதற்காக ஓரத்தை நறுக்கினார்கள். கீழ்மூலையில் இருந்த கையெழுத்தும் சேர்ந்து போயிற்று. இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. தீபாவளி காலையில் வந்து குவியும் பழைய அட்டைப்படங்களில் ஓவியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவரின் 'இனிய நல்வாழ்த்துகள்' உட்கார்ந்திருக்கிறது. படம் ஊரெல்லாம் சுற்றுகிறது, வரைந்தவர் மட்டும் அநாதை.

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் இதழ்களைப் போற்றிக் காக்கும் இடம். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து மலர் ஒன்று கிடந்தால், பழைய பேப்பர்காரரின் தராசில் வைப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள், தயவுசெய்து கீழ்மூலையை வெட்டாமல் அனுப்புங்கள்.