மூன்று சூரியன் காயும் மலைச்சரிவு, தெரியுமா?

சுவிட்சர்லாந்தில் பெர்ன் பக்கமிருந்து லொசான் நோக்கி வரும் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் போய் வெளியே வருகிறது. சட்டென்று கீழே ஏரி, எதிரே ஆல்ப்ஸ், ரயிலின் காலடியில் திராட்சைத் தோட்டம். அந்த வளைவுக்கு வந்ததும் பயணிகள் ரிட்டர்ன் டிக்கெட்டை ஜன்னல் வழியே தூக்கி எறிந்துவிடுவார்களாம்! எறிந்தவரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கைடுகள் இந்தக் கதையைச் சொல்லாமல் குழுவை ரயிலைவிட்டு இறக்குவதில்லை.

இடத்தின் பெயர் லவோ. ஜெனீவா ஏரியின் வடகரையில், லொசான் நகரின் விளிம்பிலிருந்து ஷில்லோன் கோட்டை வரை சுமார் 30 கி.மீ. நீளத்துக்குத் திராட்சை, திராட்சை, திராட்சைதான். 2007இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோட்டைக்கோ கோயிலுக்கோ அல்லாமல் ஒரு விவசாயச் சரிவுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது எதனால்? சுவரால்!

ஆமாம், கல் சுவர். சரிவு அவ்வளவு செங்குத்து. மண் நிற்க வேண்டுமானால் சுவர் எழுப்ப வேண்டும், அதற்கு மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று. இப்படிச் சுமார் 10,000 அடுக்குகள். சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 400 கி.மீ.க்கு மேல் போகும். தொடங்கி வைத்தவர்கள் யார் தெரியுமா? துறவிகள்! 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் மடத்துக்காரர்கள் டெசலே என்ற சரிவில் புதரை வெட்டி, கல்லைப் பொறுக்கி, கொடி நட்டார்கள். மழையில் அடித்துப்போன மண்ணைக் கீழேயிருந்து கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து, திரும்ப மேலே கொண்டுவந்து கொட்டுவது அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை. மேலே கொட்டிய மண் அடுத்த பெருமழையில் மறுபடியும் இறங்கும். மறுபடியும் கூடை.

இன்றைக்கும் டிராக்டர் ஏறாத இடங்கள் ஏராளம். தோட்டத்துக்கு நடுவே ஒற்றைத் தண்டவாளம் ஒன்று சுவர்களைத் தாண்டி ஏறிப் போவதைக் குழுவோடு நடக்கும்போது பார்க்கலாம். பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும் குட்டி மோனோரயில் அது. அறுவடைக் காலத்தில் திராட்சைப் பெட்டிகள் அதில்தான் சவாரி செய்யும். மனிதர்கள் படியேற வேண்டியதுதான்.

சரி, மூன்று சூரியன்? வானத்துச் சூரியன் ஒன்று. ஏரித் தண்ணீரில் பட்டுத் தெறித்து வருவது இரண்டு. பகலெல்லாம் காய்ந்த சுவர் இரவில் விடும் சூடு மூன்று. எல்லாக் கைடும் இதைச் சொல்வார், சொல்லும்போது விரலையும் மடக்குவார். என்னைக் கேட்டால் நாலாவதாக ஒன்றைச் சேர்த்திருக்க வேண்டும். 300 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள அந்த ஏரி, கோடையில் வாங்கிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் மெதுவாகத் திருப்பிக் கொடுத்துக் கரையின் குளிரைத் தணிக்கிறது. கொடிகளுக்கு இது சாதாரண உதவியா?

இந்தக் கொடிகளில் பெரும்பாலானவை ஷாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சை. அதன் ஒயின் மென்மையானது, ஆர்ப்பாட்டம் இல்லாதது. வேறு நாட்டில் இந்த ஒயினை அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். காரணம் எளிது. சுவிஸ் ஒயினில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் நாட்டைவிட்டு வெளியே போகிறது. மிச்சத்தை அவர்களே குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள்!

லொசான் நகராட்சிக்கே சொந்தத் திராட்சைத் தோட்டம் இருப்பது தெரியுமா? மடத்துத் துறவிகள் வைத்திருந்த டெசலே நிலத்தில் ஒரு பகுதி இப்போது நகரத்தின் சொத்து. அதன் ஒயினை ஆண்டுதோறும் டிசம்பரில் பொது ஏலம் விடுகிறார்கள். குடிநீர், குப்பை, வீட்டு வரியோடு ஒயினும்!

இவ்வளவு அழகான ஏரிக்கரையை ரியல் எஸ்டேட்காரர்கள் ஏன் விட்டுவைத்தார்கள்? விட்டுவைக்கவில்லை, மக்கள்தான் தடுத்தார்கள். ஃபிரான்ஸ் வெபர் என்ற சூழலியல் போராளி கையெழுத்து திரட்ட, 1977இல் லவோ இருக்கும் வோ மாநில வாக்காளர்கள் லவோவின் பாதுகாப்பை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 2005இல் இன்னொரு முறை வாக்களித்து அதை உறுதி செய்தார்கள். இன்னும் கடுமையான விதி வேண்டும் என்று 2014இல் கேட்டபோது மட்டும் ‘இது போதும்’ என்று மிதமான மாற்றுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று சூரியனைவிட எனக்கு மக்களின் இந்தக் காவல்தான் பெரிய அதிசயம்.

மூச்சு வாங்குகிறதா? இந்தக் கரையோடு தொடர்புள்ள பெரிய பெயர்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டேனியல் பீட்டர் 1875இல் மில்க் சாக்லேட்டை உருவாக்கியது இந்தக் கரையிலுள்ள வெவே ஊரில். சார்லி சாப்ளின் கடைசி இருபத்து நாலு ஆண்டுகள் வாழ்ந்தது அதே ஊருக்கு மேலே. சண்டிகரைத் திட்டமிட்ட லெ கொர்பூசியே தன் அப்பா அம்மாவுக்குக் கட்டிய சின்னஞ்சிறு வீடு பக்கத்திலேயே, தண்ணீரோரம். மதுவிலக்கை மூச்சாகக் கொண்ட காந்தி, 1931 டிசம்பரில் எழுத்தாளர் ரோமன் ரோலானைப் பார்க்க வந்து தங்கியது ஷில்லோன் கோட்டையைத் தாண்டியுள்ள வில்நோவில். அங்கிருந்து லொசான் போய்க் கூட்டத்தில் பேசினார். நடுவில் இருப்பது முழுக்க ஒயின் நாடு!

வெவேயின் திருவிழாவை மட்டும் அவசரமாகச் சொல்ல மனம் வரவில்லை. அங்கே தோட்டத் தொழிலாளிகளின் வேலைக்கு மதிப்பெண் போடும் பழைய சங்கம் ஒன்று உண்டு. நிபுணர்கள் வரிசை வரிசையாகக் கொடிகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். மிகச் சிறந்தவருக்கு ஊர்ச் சந்தைத் திடலில் கிரீடம் சூட்டுவார்கள். நிலத்தின் முதலாளிக்கு அல்ல, கொடியைக் கவாத்து செய்த கைக்கு! அந்த முடிசூட்டைச் சுற்றி வளர்ந்ததுதான் திராட்சைக்காரர் திருவிழா. தலைமுறைக்கு ஒரு முறைதான் நடக்கும். 1955, 1977, 1999, கடைசியாக 2019. அந்த ஆண்டு ஏரிக்கரையில் தற்காலிகமாக 20,000 பேர் உட்காரும் அரங்கு எழும்பியது. மேடையேறிய ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் மக்கள். மலை இடையர்கள் மாட்டை அழைக்கும் பாட்டைப் பாடத் தொடங்கினால் அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொள்ளுமாம்.

அடுத்ததைப் பார்க்க ஆசையா? இருபது இருபத்திரண்டு ஆண்டு இடைவெளி என்று கணக்குப் போட்டால் 2040 வாக்கில் வரலாம். பாஸ்போர்ட்டை அதற்குள் ஒரு முறையாவது புதுப்பிக்க வேண்டியிருக்கும்.